மூன்றாவது பந்தும் பீப்பி சாரும்

கேட்க வந்தவர்களைத் திட்டிக்கொண்டே முப்பது வருஷம் கச்சேரி செய்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் எதிர்வீட்டில் இருக்கிறார். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் இறங்கி, "பீப்பி சார் வூட்டுக்குப் போகணும்" என்று சொல்லிப் பாருங்கள். ஆட்டோக்காரர் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா சார், கல்யாணத்துக்கு புக் பண்ணவா? நல்லா யோசிச்சுக்கினியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்.

அவர் வாசிப்பது சாக்ஸபோன். வாயில் வைத்து ஊதுவது எல்லாமே பீப்பிதான் என்று எங்கள் தெருக் குழந்தைகள் ஒரு நாள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பெரியவர்கள் நாங்கள் அதோடு ஒரு 'சார்' சேர்த்து மரியாதை செய்தோம். அவருக்கு அழகான ஒரு பைபிள் பெயர் உண்டு. அது ரேஷன் கார்டோடு சரி. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தும் அவர் மனைவி கிரேஸ் டீச்சர், அவரை "ஏங்க" என்பார். அவரோ ஊரைப் போலவே தன் மனைவியை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் ஒருவர் பெயரை ஒருவர் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பீப்பி சாரின் கொள்கை ஒன்றே ஒன்றுதான். ஒரு ஆளாவது அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசிக்க மாட்டார். இப்படி ஒரு கொள்கையை வைத்துக்கொண்டு மனிதர் தேர்ந்தெடுத்த தொழில் என்ன தெரியுமா? கல்யாண ரிசப்ஷனில் வாசிப்பது! மொய்க்கவர் எங்கே, பந்தி எங்கே, பார்க்கிங் எங்கே என்று ஆயிரம் பேர் அலைகிற இடத்தில், தன்னைப் பார்க்கும் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டு நிற்பார்.

குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டு மண்டபம் ஒன்றில் என் அலுவலக நண்பர் மகனின் ரிசப்ஷன். பீப்பி சாரை ஏற்பாடு செய்தவன் நான்தான் என்பதால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஒரு பழைய சினிமாப் பாட்டை அருமையாக எடுத்தார். பல்லவி முடிந்து சரணத்துக்குப் போகிற வழியில் திடீரென்று சத்தம் நின்றது. கரோக்கி மட்டும் ஆளில்லாத வண்டி மாதிரி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால், பீப்பி சார் கழுத்தில் சாக்ஸபோன் தொங்க மேடையேறிக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை தலையைக் குனிந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இன்னிக்கு யாருக்குக் கல்யாணம்?"

"எ... எனக்குத்தான் அங்கிள்."

"அப்ப கேளுங்க."

அவ்வளவுதான் சொன்னார். இறங்கி வந்து மறுபடியும் பல்லவியிலிருந்து ஆரம்பித்தார். ரிசப்ஷன் முடிகிற வரை மாப்பிள்ளை போனைத் தொடவில்லை. மணப்பெண் மட்டும் பீப்பி சாரைக் கும்பிடாத குறையாகப் பார்த்தாள். நண்பர்தான் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

இப்படிப்பட்டவரை எந்த மெல்லிசைக் குழு வைத்துக்கொள்ளும்? ஒன்று மாற்றி ஒன்று, எல்லாக் குழுவும் எப்போதோ அவரைக் கழற்றிவிட்டிருந்தது. அவர் அசரவில்லை. ஒரு ஸ்பீக்கர் பெட்டி, பென் டிரைவில் கரோக்கி, கழுத்தில் சாக்ஸபோன் என்று தனி ஆளாகத் தொழிலை ஆரம்பித்தார். அப்போதுதான் ஒரு தந்திரமும் கண்டுபிடித்தார். எந்த மண்டபத்துக்குப் போனாலும், மேடை ஓரத்தில் இடம் கொடுத்தால் வேண்டாம் என்பார். "என்னை ஐஸ்கிரீம் கவுண்டருக்கு எதிர்ல போடுங்க" என்பார். காரணம் கேட்டேன்.

"ஐஸ்கிரீம் வரிசைல நிக்கறவன் எங்க சார் போவான்? கப்பு கைக்கு வர்ற வரைக்கும் என்னைப் பாத்துத்தான ஆகணும்?"

வீட்டில் சாதகம் செய்யும்போதும் இதே கதைதான். தலைக்கு மேலே தாம்பரம் விமானப்படையின் பயிற்சி விமானம் ஒன்று கடந்து போனால் பாட்டை நிறுத்திவிடுவார். அண்ணாந்து பார்த்தபடி காத்திருப்பார். "அவர் முடிக்கட்டும், அப்புறம் நம்ம வாசிப்போம்" என்பார். விமானம் சும்மா இருக்குமா? திரும்பத் திரும்ப வட்டமடிக்கும். சில நாட்களில் ஒரு பாட்டு முடிய முக்கால் மணி நேரம் ஆகும். சாக்ஸபோன் நிற்கிற நேரத்தில்தான் என் மனைவி மிக்ஸி போடுவாள். அதற்கும் எதிர்ப் பால்கனியிலிருந்து ஒரு முறைப்பு வரும்.

இந்த நிலையில்தான் கொரோனா வந்தது.

எல்லோருக்கும்தான் வந்தது. ஆனால் ஊதிப் பிழைக்கிற ஒரு மனிதருக்கு அது வந்த மாதிரி யாருக்கும் வரவில்லை. சித்திரை, வைகாசி முகூர்த்தமெல்லாம் ஒரே வாரத்தில் கழன்று போனது. தபேலாக்காரர் வீட்டில் உட்கார்ந்து தட்டலாம், கிடார்க்காரர் மீட்டலாம். இவர் பால்கனியில் நின்று ஒரு சுரம் ஊதியதும் தெருவில் நாலு ஜன்னல் பட்பட்டென்று சாத்திக்கொண்டன. மறுநாள் எங்கள் நலச்சங்கச் செயலாளர் வாட்ஸ்அப்பில் சுற்றறிக்கை விட்டார்: 'கிருமி காற்றில் பரவுவதால், குடியிருப்போர் ஊதும் இசைக்கருவிகளைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' எங்கள் தெருவில் ஊதும் இசைக்கருவி வைத்திருந்த குடியிருப்போர் மொத்தமே ஒருவர்தான்.

பீப்பி சார் சண்டைக்குப் போகவில்லை. கிரேஸ் டீச்சரின் பழைய புடவை ஒன்றை வெட்டி, எலாஸ்டிக் வைத்துத் தைத்து, சாக்ஸபோனின் அகல வாய்க்கு மாஸ்க் போட்டார். மஞ்சள் புடவையில் பச்சைப் பூப்போட்ட மாஸ்க். தன் மாஸ்க்கின் நடுவிலும் ஊதுவதற்கு ஒரு ஓட்டை போட்டார். அந்தக் கோலத்தில் அவர் பால்கனியில் வந்து நின்றபோது, வீட்டுக்குள் அடைந்து கிடந்த குழந்தைகளெல்லாம் கைதட்டினார்கள். பால் வாங்கப் போகும்போதும் ஓட்டை மாஸ்க்கையே மாட்டிக்கொண்டு போய், ஜங்ஷனில் போலீஸ்காரரிடம் மாட்டிக்கொண்டார்.

"ஓட்டை போட்ட மாஸ்க் எதுக்கு சார்?"

"இது தொழிலுக்கு, சார். வீட்டுக்குப் போட்டுக்கிற மாஸ்க் துவைச்சுக் காயப்போட்டிருக்கு."

 போலீஸ்காரர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைத்தாராம்.

அடுத்து ஆன்லைன் கச்சேரி. சேலையூரில் வீட்டோடு நடந்த ஒரு கல்யாணத்துக்கு, பால்கனியிலிருந்தே வீடியோ காலில் வாசிக்க ஒப்புக்கொண்டார். கோட்டு, டை எல்லாம் போட்டுக்கொண்டார். கீழே லுங்கி. அந்தப் பக்கம் போனை யாரோ மேஜைமேல் மல்லாக்க வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இவர் திரையில் தெரிந்தது ஒரு சீலிங் ஃபேன். கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு கல்யாண வீட்டு ஸ்பீக்கரில், மந்திரத்துக்கு நடுவே, இடி மாதிரி ஒரு குரல் கேட்டிருக்கிறது.

"ஃபேனுக்கெல்லாம் நான் வாசிக்க மாட்டேன்! யார் முகத்தையாவது காட்டுங்க!"

புரோகிதர் மந்திரத்தை விட்டுவிட்டார். பதறிப்போன யாரோ போனை எடுத்துப் பக்கத்து நாற்காலிக்குத் திருப்பினார்கள். அதில் ஒரு பெரியப்பா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பரவாயில்லை, முகம் முகம்தானே என்று பீப்பி சார் கண்ணை மூடி இருபது நிமிஷம் உருகி உருகி வாசித்தார். எங்கள் தெருவே சொக்கிப்போய்க் கேட்டது. முடிந்ததும் கல்யாண வீட்டுக்காரர் கேட்டார்:

"சார், எப்ப ஆரம்பிக்கறீங்க?"

நீளமாக இழுக்கும் சத்தத்தையெல்லாம் வெறும் இரைச்சல் என்று நினைத்து அந்த ஆப் வடிகட்டிவிடுமாம். முதல் சுரத்தில் ஒரு 'பூ' மட்டும் போயிருக்கிறது. மீதி இருபது நிமிஷமும் கோட்டுப் போட்ட ஒருவர் சத்தமில்லாமல் கன்னத்தை உப்பிக்கொண்டிருப்பதைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டு நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு, "முப்பது வருஷமா மனுஷங்க கேக்கலைன்னு திட்டிட்டு இருந்தேன் சார். இப்ப மிஷினும் கேக்க மாட்டேங்குது" என்றார். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு வருஷம் அப்படியே தள்ளிக்கொண்டு போனார். மறுபடியும் மண்டபங்கள் திறந்து, மறுபடியும் மூடி, இரண்டாவது அலை என்று பேப்பரில் போட்ட வாரம், கிரேஸ் டீச்சர் வாசலில் நின்று என் மனைவியிடம் சொன்னார்: "அனகாபுத்தூர்ல எங்க அண்ணன் மருந்து கோடவுன் வச்சிருக்காங்க இல்ல, அங்க சூப்பர்வைசரா போறேன்னு சொல்லிட்டாருங்க. வர்ற ஜூன் ஒண்ணாம் தேதிலருந்து. நான் ஒண்ணும் சொல்லல. அவராத்தான் சாக்ஸபோன் பெட்டிய மூடிப் பரண்மேல வச்சாரு." டீச்சர் அழவில்லை. ஆனால் பேச்சு முடிந்தும் வெகுநேரம் வாசலிலேயே நின்றிருந்தார். ஊருக்கு அது ஒரு வேலை மாற்றம். அந்த வீட்டுக்கு என்னவென்று எங்களுக்குத் தெரியும். பெட்டி பரண்மேல் ஏறிவிட்டால் அந்த மனிதர் மறுபடி அதை இறக்கமாட்டார்.

எனக்குக் கொரோனா வந்தது அப்போதுதான். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, பாதி ஆளாக வீடு வந்து சேர்ந்தேன். நுரையீரலுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பிளாஸ்டிக் சாமான் கொடுத்திருந்தார்கள். மூன்று கூண்டு, கூண்டுக்கு ஒரு பந்து, ஒரு குழாய். அந்த வருஷம் தாம்பரம் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்று இருந்தது. மூன்று பந்தும் மேலே ஏறவேண்டும், மணிக்கு ஒரு தடவை செய்யவேண்டும் என்றார் டாக்டர்.

பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூச்சு முட்ட ஊதினேன். ஒரு பந்துகூட அசையவில்லை. "சாமான் டூப்ளிகேட்" என்று முடிவு கட்டினேன். மனைவி மெடிக்கல் ஷாப்புக்குப் போய் வேறொன்று வாங்கி வந்தாள். அதுவும் அசையவில்லை. நாட்டில் ஒரு பொருள் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று ஆரம்பித்து, மனைவி வரைக்கும் எல்லோரையும் திட்டினேன். மூன்றாவது நாள் எதிர்ப் பால்கனியிலிருந்து குரல் வந்தது. நடுவில் ஒரு ஆட்டோ போகிற அகலத்துக்குத்தான் தெரு.

"சார், நானும் மூணு நாளா பாக்கறேன். என்ன பண்றீங்க?"

"மூச்சுப் பயிற்சி. பாத்தா தெரியல?"

"அது ஊதற சாமான் இல்ல சார். உறிஞ்சற சாமான்!"

என் மனைவி சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். நான் மானத்தைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு உறிஞ்சினேன். முதல் பந்து அரை அங்குலம் எழும்பியது. கூடவே இருமல் வந்தது. நிற்காத இருமல். கண்ணில் நீர் வழிய நிமிர்ந்தபோது எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. இதுநாள் வரை யாரிடமும் சொல்லாத பயம். "விடுங்க சார். எனக்கு இனிமே இவ்வளவுதான் போல" என்றேன். 

பீப்பி சார் உள்ளே போனார். ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. "ஏங்க, பாத்து!" என்று டீச்சரின் குரல் கேட்டது. அவர் திரும்பி வந்தபோது கழுத்தில் சாக்ஸபோன் இருந்தது. அதன் வாயில் அதே மஞ்சள் புடவை மாஸ்க்.

"தோளைத் தூக்கறீங்க சார். தோள்லயா இருக்கு நுரையீரல்? காத்தை வயித்துப் பக்கமா வாங்குங்க, இடுப்புல லுங்கி இறுகணும். நான் மூச்சு இழுக்கறப்ப நீங்க இழுங்க. நான் வாசிக்கறப்ப மெதுவா விடுங்க. அங்க இங்க பாக்காதீங்க. என் முகத்தையே பாருங்க."

பார்த்தேன். அவர் இழுத்தார், நானும் இழுத்தேன். அவர் நாலே நாலு சுரம் வாசித்தார், நான் விட்டேன். மறுபடி இழுத்தார். எந்த மண்டபத்திலும் கிடைக்காத ரசிகன் அன்று அவருக்குக் கிடைத்தான். கண்ணை எடுத்தால் மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்துகொண்டே கேட்ட ரசிகன்.

மனைவி டாக்டருக்குப் போன் போட்டாள். "சாக்ஸபோன் வைத்தியமெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. பந்து ஏறணும், தலை சுத்தினா நிறுத்தணும், அவ்வளவுதான்" என்றார் அவர். அன்றிலிருந்து காலை ஏழு, மாலை ஐந்து. ஒரு நாள் நான் தூங்கிவிட்டேன். தெருவே அதிர ஒற்றைச் சுரத்தை விடாமல் ஊதி என்னை எழுப்பினார்.

நாலாவது நாள் அவருக்கு ஒரு போன் வந்தது. மூன்று வீடு தள்ளியிருக்கும் செயலாளர்.

"சொல்லுங்க செகரட்டரி சார். அடுத்த சர்க்குலரா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டதாம். "இல்ல சார்... எனக்கு ஒரு பந்துதான் ஏறுது."

பீப்பி சார் குத்திக்காட்டவில்லை. "நாளைக்கு ஏழு மணிக்கு பால்கனிக்கு வாங்க. என் முகம் தெரியற மாதிரி உக்காருங்க" என்று மட்டும் சொன்னார். மறுநாள் மாலை புதுச் சுற்றறிக்கை வந்தது: 'காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் தெருவில் மிக்ஸி, குக்கர் விசில், மோட்டார் சத்தம் கண்டிப்பாகத் தவிர்க்கப்பட வேண்டும்.'

பால்கனி பால்கனியாக ஆள் சேர்ந்தது. பிறகு குரோம்பேட்டையிலிருந்தும் சேலையூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் மூலமாகப் போன் வந்தது; அவர்களுக்கு வீடியோ காலில் பயிற்சி. இரைச்சல் என்று வடிகட்டாமல் இருக்க அந்த ஆப்பிலேயே ஒரு பொத்தான் இருப்பதை, ஆன்லைன் வகுப்பு எடுத்து எடுத்துத் தேறியிருந்த கிரேஸ் டீச்சர் கண்டுபிடித்துக் கொடுத்தார். திரையில் வரிசையாக முகங்கள். வீடியோவை அணைத்தவருக்கு உடனே திட்டு விழும். "தோளைத் தூக்கறீங்களான்னு நான் பாக்க வேணாமா? மூஞ்சிய காட்டுங்க!" அத்தனை பேரும் காட்டினார்கள். அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். தேறியவர்கள் அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு பாட்டு, ஜெபக் கூட்டத்துக்கு ஒரு கீர்த்தனை, அமெரிக்காவிலிருக்கும் பேத்திக்கு வாரம் ஒரு வகுப்பு என்று அவரை விடவே இல்லை.

ஒன்றாம் தேதி வந்தது. காலை ஏழு மணிக்கு வழக்கம்போலப் பால்கனியில் நின்றார். நடுவில் போன் அடித்தது. அவர் மைத்துனர்.

"மச்சான், ஒம்போது பேரு பாதி மூச்சுல நிக்கறாங்க. விட்டுட்டு எப்படி வர்றது? அடுத்த மாசம் பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். உள்ளே டீச்சர் எதையோ உரக்கப் பாடிக்கொண்டு பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. அந்த அடுத்த மாசம் இன்றுவரை வரவில்லை.

என் மூன்றாவது பந்து ஏறியது அதற்கு அடுத்த வாரம். மூன்றும் மேலே போய், அப்படியே நின்றது. குழந்தை மாதிரி நான் அவரைப் பார்த்தேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தால், "நாளைக்கும் ஏறுதான்னு பாருங்க" என்றார். சொல்லிவிட்டு, கேட்காமலே ஒரு முழுப் பாட்டை எடுத்தார். பல்லவி முடிந்து முதல் சரணத்தில் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே வந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். விமானம் வந்தது, போனது, மறுபடி வந்தது. பாட்டு நிற்கவில்லை. என் மனைவி காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்று அழுதாள்.

இப்போது மண்டபங்களெல்லாம் திறந்துவிட்டன. போன மாதம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ரிசப்ஷன். ஐஸ்கிரீம் கவுண்டருக்கு எதிரே பீப்பி சார். ஆனால் காலம் மாறிவிட்டது. ஐஸ்கிரீமைத் தட்டில் வைத்துக்கொண்டு பரிமாறுகிறவர்களே ஆளாளுக்குத் தேடிவந்து கொடுக்கிறார்கள். வரிசையே இல்லை. மாப்பிள்ளை, பெண், போட்டோக்காரர், உறவுக்கூட்டம் என்று ஒருவர்கூட இவர் பக்கம் திரும்பவில்லை. சரணத்துக்குப் போகிற வழியில் அவர் விரல் தயங்கியதைப் பார்த்தேன். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா?

எழுந்து போய் அவருக்கு நேர் எதிரே நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். மூச்சு இழுத்தார். என்னை அறியாமலே நானும் இழுத்தேன், தோளைத் தூக்காமல். லேசாகத் தலையசைத்துவிட்டுச் சரணத்தை எடுத்தார்.

பந்திக்கு நேரமாகிவிட்டது என்று மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். நீ போய் இடம் பிடி என்று அனுப்பிவிட்டேன். அந்த மனிதருக்கு வாசிக்க ஒரு முகம் வேண்டும். அது என் முகமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.